மறு கன்னமும் கன்னக்கோலும்: சபைக்குத் துப்பாக்கி வேண்டுமா?

சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது எங்கள் சபை அண்ணாச்சி ஒருவர் வழக்கம்போலக் கட்டிப்பிடித்தார். அவருடைய வலது இடுப்பில் ஏதோ கெட்டியாக என்மேல் இடித்தது. போன் என்று நினைத்தேன். ஆனால் போன் அவர் கையில் இருந்தது.

"என்ன அண்ணாச்சி இது?"

"ஒண்ணுமில்ல தம்பி, கிளாக்கு கைத்துப்பாக்கி. ரெண்டு வருசமா கட்டிட்டுத்தான் வாரேன். டெக்சாஸ்ல இதெல்லாம் சகஜம்லா."

நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் வளர்ந்தவன். ஊரில் கோயிலுக்குக் காவல் என்றால் ஒரு கோயில்குட்டி (கோயிலைக் கவனித்துக்கொள்ளும் ஊழியர்), அவர் கையில் டார்ச் லைட், சுவரில் சாத்தி வைத்த ஒரு கம்பு, அவ்வளவுதான். கிறிஸ்மஸுக்கு வெடிச்சத்தம் கேட்டிருக்கிறேன், துப்பாக்கிச் சத்தம் கேட்டதே இல்லை. இப்போது டல்லஸுக்கு வடக்கே, ஒரு அமெரிக்க சபையின் கட்டடத்தை ஞாயிறு மதியம் வாடகைக்கு எடுத்துக் கூடுகிற அறுபது தமிழ்க் குடும்பங்களில் நாங்களும் ஒன்று. அந்தக் கட்டடக்காரர்கள் ஒரு கடிதம் அனுப்பினார்கள்: உங்கள் பாதுகாப்பு ஏற்பாடு என்ன, யார் பொறுப்பு, எழுத்தில் கொடுங்கள். கமிட்டி கூடியது. எட்டுப் பேர், எட்டுக் கருத்து. கடைசியில் "தம்பி, நீ நல்லா எழுதுவ, எல்லாப் பக்கமும் பாத்து எழுதிட்டு வா" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். கமிட்டிக்குக் கொடுத்தது இரண்டு பக்கம். அங்கே எழுத முடியாததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துவிடுகிறேன். வீட்டில் துப்பாக்கி வைக்கலாமா என்பது ஒரு கேள்வி, சபைக்கு ஆயுதக் காவல் வேண்டுமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்பிப் பேசுவதால்தான் கமிட்டியில் பாதி நேரம் வீணாகிறது. ஒன்றுக்கு ஆம் என்று சொல்லி மற்றதற்கு இல்லை என்று சொல்ல நல்ல காரணங்கள் உண்டு.

சட்டத்தையும் இப்போதே சொல்லிவிடலாம், ஏனென்றால் நம் ஆட்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது. எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டரசுச் சட்டம் அனுமதிப்பதில்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு, அந்த வழியாக வாங்கியவர்களும் இருக்கிறார்கள். கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம், கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். ஆனால் குடியுரிமை பெறாதவர் துப்பாக்கிக் குற்றம் ஒன்றில் தண்டனை பெற்றால் நாடு கடத்த அதுவே போதும். அமெரிக்கக் குடிமகனாகிய பக்கத்து வீட்டுக்காரர் செய்யும் அதே தவறு நமக்கு வேறு விலை.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல் 21 வயது நிறைந்த, தடை ஏதும் இல்லாத ஒருவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி கட்டிக்கொண்டு நடக்கலாம். அதற்கு முன்பே, 2019-ல் வந்த இன்னொரு திருத்தம், வழிபாட்டு இடங்களையும் மற்ற இடங்களைப் போல ஆக்கிவிட்டது: சபை பலகை வைத்தோ வாயால் சொல்லியோ தடுக்காவிட்டால் உரிமம் உள்ளவர் உள்ளே கொண்டுவரலாம். அதாவது "நாங்கள் இதைப் பற்றி ஒன்றும் முடிவு செய்யவில்லை" என்று உட்கார்ந்திருக்கும் சபை உண்மையில் முடிவு செய்துவிட்டது. யார் இடுப்பில் என்ன இருக்கிறது என்று பாஸ்டருக்கே தெரியாத சபை அது. எங்கள் சபை இரண்டு வருஷமாக அப்படித்தான் இருந்திருக்கிறது, அண்ணாச்சியின் புண்ணியத்தில்.

வசனச் சண்டை

வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு வசனத்தைத் தூக்கிப் போட்டார்கள். ஒரு பக்கம் மத்தேயு 5:39, மறு கன்னத்தையும் திருப்பிக்கொடு. இன்னொரு பக்கம் யாத்திராகமம் 22:2, "திருடன் கன்னமிடுகையில் கண்டுபிடிக்கப்பட்டு, அடிக்கப்பட்டுச் செத்தால்" அடித்தவன் மேல் இரத்தப்பழி இல்லை. இங்கே வளர்ந்த ஒரு கல்லூரிப் பையன், "அங்கிள், திருடன் எதுக்குக் கன்னத்தைக் காட்டுறான்?" என்று கேட்டான். சிரித்துவிட்டு விளக்கினேன். மண்சுவரைக் கன்னக்கோலால் குடைந்து உள்ளே நுழைவதுதான் கன்னமிடுதல், முகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் பிறகு யோசித்தபோது பையன் கேட்டது அவ்வளவு தப்பில்லை என்று தோன்றியது. அறை வாங்குகிற கன்னமும் திருடன் இடுகிற கன்னமும் தமிழில் ஒரே சொல்லாக வந்து நிற்கின்றன. மலைப்பிரசங்கத்திலேயே ஒன்று ஐந்தாம் அதிகாரத்தில், மற்றது ஆறாம் அதிகாரத்தில். நம் கேள்வி முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறது. அறை என்பது அவமானம். சுவரைக் குடைந்து வருகிறவன் உயிருக்கு ஆபத்து. முதலாவதுக்குச் சொன்னது இரண்டாவதுக்கும் பொருந்துமா?

யாத்திராகமத்தில் அடுத்த வசனத்தை யாரும் அனுப்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சூரியன் உதித்திருந்தால் அடித்தவன் மேல் இரத்தப்பழி சுமரும். இருட்டில் வந்தவன் திருடனா கொலைகாரனா என்று தெரியாது, பகலில் முகம் தெரியும், கூப்பிட்டால் ஆள் வரும், ஆகவே கொல்லக்கூடாது. ஆச்சரியம் என்னவென்றால் டெக்சாஸ் குற்றவியல் சட்டத்திலும் 9.42 பிரிவில் இந்த இரவு வாசனை அடிக்கிறது: இரவு நேரத் திருட்டைத் தடுக்க, வேறு வழியில்லாதபோது, உயிர்போகும் அளவு பலத்தைக்கூட அது அனுமதிக்கிறது. ஆனால் மோசேயின் சட்டம் இருட்டைச் சொன்னது ஆளை அறிய முடியாததால். டெக்சாஸ் சட்டமோ வெறும் பொருளுக்காகவும் சுடவிடுகிறது. ஓடுகிறவன் கையில் இருக்கும் டிவிக்காக அவன் முதுகில் சுடுவதை நியாயப்படுத்த வேதத்தில் வசனம் கிடைக்காது, தேடிப் பார்த்துவிட்டேன்.

அப்புறம் லூக்கா 22. பட்டயம் இல்லாதவன் வஸ்திரத்தை விற்று ஒன்று வாங்கட்டும் என்று இயேசுவே சொன்னார், ஆகவே ஆண்டவரே துப்பாக்கி வாங்கச் சொன்னார் என்பது அண்ணாச்சியின் வாதம். இங்கே இரண்டு பட்டயம் இருக்கிறது என்கிறார்கள் சீஷர்கள், அவர் "போதும்" என்கிறார். பதினொரு பேருக்கு இரண்டு பட்டயம் எந்தக் கணக்கில் போதும்? பாதுகாப்புக்காகச் சொல்லியிருந்தால் போதாது. அக்கிரமக்காரரில் ஒருவனாக எண்ணப்பட்டார் என்ற வாக்கியம் நிறைவேற வேண்டும் என்று நடுவில் அவரே காரணமும் சொல்கிறார். அதே இரவில், சில மணி நேரத்துக்குள், பேதுரு அந்தப் பட்டயத்தை உருவி மல்குசின் காதை வெட்டியதும் "உன் பட்டயத்தைத் திரும்ப அதின் உறையிலே போடு" என்றார், காதையும் ஒட்டவைத்தார். மூன்று வருஷம் கூடவே இருந்தவர்களிடம் பட்டயம் இருந்ததையும் மறக்க முடியாது என்கிறார் அண்ணாச்சி. அதுவும் சரிதான். உறையில் போடு என்றாரே தவிரத் தூக்கி எறி என்று சொல்லவில்லை.

ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன், பேதுருவின் ஆயுதத்தைக் களைந்தபோது ஆண்டவர் எல்லாப் போர்வீரர்களின் இடைக்கச்சையையும் அவிழ்த்துவிட்டார் என்று எழுதினார். இருநூறு வருஷத்துக்குள் காற்று மாறிவிட்டது. ஆயர் அகுஸ்தீன், பப்ளிக்கோலா என்பவருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கோடு போடுகிறார், எனக்கு அது மிகவும் முக்கியமாகப் படுகிறது: தன் உயிரைக் காக்க இன்னொருவனைக் கொல்வதைத் தான் ஒப்புக்கொள்வதில்லை, ஆனால் படைவீரனோ பொது அதிகாரியோ தனக்காக இல்லாமல் மற்றவர்களுக்காகச் செய்தால் அது வேறு. இடைக்கால இறையியலாளர் தோமா அக்குவினாஸ் அந்தக் கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினார். நோக்கம் தன்னைக் காப்பதாக இருந்து, தேவைக்கு மேல் பலத்தைக் காட்டாமல் இருந்தால் தனி மனிதனும் தடுக்கலாம் என்றார், ஆதாரத்துக்கு அதே கன்னமிடும் திருடனைத்தான் கூப்பிட்டார். கத்தோலிக்க மறைக்கல்வி இன்றும் அந்த வழியில்தான் போகிறது. பிறர் உயிருக்குப் பொறுப்பானவருக்குத் தற்காப்பு உரிமை மட்டுமல்ல, பெரிய கடமையும் ஆகலாம் என்கிறது.

ஒன்றுமே வேண்டாம் என்பவர்கள்

இவர்களைக் கோழைகள் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. 1527-ல் சுவிட்சர்லாந்தின் ஷ்லைட்ஹைமில் கூடி, பட்டயம் கிறிஸ்துவின் பூரணத்துக்கு வெளியே உள்ளது என்று எழுதி வைத்த, குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்த அனாபாப்டிஸ்டுகளைக் கத்தோலிக்கரும் சரி புராட்டஸ்டன்டுகளும் சரி தேடித் தேடிக் கொன்றார்கள். டிர்க் வில்லெம்ஸ் என்று ஒருவர், ஹாலந்தில் ஆஸ்பெரன் என்ற ஊர்க்காரர், சிறையிலிருந்து தப்பிப் பனிக்கட்டியாய் உறைந்த நீரைத் தாண்டி ஓடினார். துரத்தி வந்த காவலாளி பனி உடைந்து உள்ளே விழுந்தான். டிர்க் திரும்பி வந்து அவனைத் தூக்கிவிட்டார். பிடித்துக்கொண்டு போய் 1569-ல் அவரை எரித்தார்கள். இவரைக் கோழை என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

அந்த வம்சம்தான் மென்னோனைட்டுகளும் ஆமிஷ்களும். ஆமிஷ் வீடுகளில் துப்பாக்கி இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. மான் வேட்டைக்கு வைத்திருப்பார்கள், மனிதனை நோக்கி நீட்டமாட்டார்கள். 2006 அக்டோபர் 2-ல் பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸில் ஓரறைப் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்தவன் பத்துச் சிறுமிகளைச் சுட்டான், ஐந்து பேர் இறந்தார்கள், பிறகு அவனும் தற்கொலை செய்துகொண்டான். அன்று மாலையே ஆமிஷ்காரர்கள் அவன் மனைவி வீட்டாரைத் தேடிப் போனார்கள், அவனுடைய அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் ஆமிஷ்கள். அந்தப் பள்ளிக்கூடத்தைச் சில நாட்களிலேயே இடித்துத் தள்ளிப் புல் விதைத்துவிட்டார்கள்.

நம் ஊர்ச் சபைகளில் ஜிம் எலியட் கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. 1956 ஜனவரி 8, ஈக்வடார் காட்டில் ஐந்து மிஷனரிகள் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார்கள். அவர்களிடம் துப்பாக்கி இருந்தது என்பதை ஞாயிறு பள்ளியில் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. தங்களைக் காத்துக்கொள்ள வோரானி மக்களைக் கொல்வதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். நாங்கள் பரலோகம் போகத் தயார், அவர்கள் தயாரில்லை என்ற கணக்கு.

இந்த வழியின் பலம் எனக்குப் புரிகிறது, என் தனி வாழ்வில் அதற்குத் தலைவணங்குகிறேன். ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. என் கன்னத்தை நான் திருப்பலாம். சண்டே ஸ்கூலில் கலர் பென்சிலோடு உட்கார்ந்திருக்கும் ஆறு வயசுப் பிள்ளையின் கன்னத்தைத் திருப்பிக் கொடுக்க நான் யார்? ஆமிஷ் தகப்பனிடம் கேட்டால் அதற்கும் அவரிடம் பதில் இருக்கும், அதை அவர் சொல்லலாம், அவருடைய வம்சமே ஏறத்தாழ ஐநூறு வருஷமாக அந்தப் பதிலில் வாழ்ந்திருக்கிறது. வாரம் ஒரு தடவை கூடிப் பிரியாணி சாப்பிட்டுக் கலையும் நாங்கள் அதைக் கடன் வாங்கிச் சொல்ல முடியாது.

இதே முடிச்சு 2015 டிசம்பரில் அமெரிக்க எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களுக்குள் வெளிப்படையாகத் தெரிந்தது. கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் துப்பாக்கிச்சூட்டுக் கொலைகள் நடந்து இரண்டு நாளில், லிபர்ட்டி என்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த ஜெரி ஃபால்வெல் ஜூனியர் மாணவர்கள் முன்னால் நின்று, தன் பின்பாக்கெட்டில் துப்பாக்கி இருப்பதைக் குறிப்பாகச் சொல்லி, எல்லோரும் பயிற்சி எடுங்கள் என்றார், கூட்டம் கைதட்டியது. அதே மாதத்தில் போதகர் ஜான் பைப்பர் மறுத்து எழுதினார்: புதிய ஏற்பாடு முழுக்க, குறிப்பாகப் பேதுருவின் நிருபம், பாடுபடுவதற்கு நம்மைத் தயார்ப்படுத்துகிறதே தவிரச் சுடுவதற்கு அல்ல. சரி, உன் மனைவியை ஒருவன் தாக்கினால்? அந்த நிமிஷத்தில் என்ன செய்வேன் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதுபோல் விட்டுவிட்டார், ஆனாலும் அதற்கென்று துப்பாக்கியைத் தயாராக வைத்திருக்காதே என்பது அவர் ஆலோசனை. நழுவுகிறார் என்று பலர் திட்டினார்கள். எனக்கு ஃபால்வெலின் கைதட்டலை விட இந்தத் தடுமாற்றம் நேர்மையாகப் பட்டது.

வீட்டில் வைப்பது

சொந்த வீட்டார் விஷயத்துக்கு 1 தீமோத்தேயு 5:8-ஐச் சொல்வார்கள். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன். அது விதவைகளுக்குச் சோறு போடுவதைப் பற்றிய அதிகாரம், ஆனாலும் காப்பதும் விசாரிப்பில் அடங்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் கேள்வி ஒன்றுதான்: துப்பாக்கி உள்ளே வந்தால் என் வீட்டார் முன்பைவிடப் பத்திரமாகிறார்களா?

இங்கே எண்கள் பேசட்டும். 2023-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 46,700 பேர். அதில் 27,300 பேர் தற்கொலை. பாதிக்கும் மேல். கலிபோர்னியாவில் லட்சக்கணக்கான கைத்துப்பாக்கி உரிமையாளர்களைப் பின்தொடர்ந்து 2020-ல் வெளிவந்த ஆய்வில், துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு, துப்பாக்கி வைத்திராத ஆண்களைவிட வைத்திருக்கும் ஆண்களுக்கு எட்டு மடங்கு, அதே ஒப்பீட்டில் பெண்களுக்குள் முப்பத்தைந்து மடங்கு. அதே குழு 2022-ல் இன்னொன்றைக் காட்டியது: கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள் கொலைக்குப் பலியாவது மற்றவர்களைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். கன்னமிட்டு வருகிறவனுக்காக வாங்கி வைத்தது, உள்ளே இருப்பவர்களைத்தான் அதிகம் எடுக்கிறது.

இதைக் கமிட்டித் தாளில் எழுதவில்லை, இங்கே எழுதுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கு வேலை போனது. வெள்ளிக்கிழமை காலை ஒரு மின்னஞ்சல், பத்து நிமிஷத்தில் லேப்டாப் பூட்டிக்கொண்டது. அடுத்த மூன்று மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை. விடியக்காலை இரண்டு மணிக்கு கராஜில் காருக்குள் போய் உட்கார்ந்திருப்பேன், விளக்குப் போடாமல், ஏதோ ஒரு பழைய பாமாலைப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு. மனைவி வந்து கார் கதவைத் தட்டி "உள்ள வாங்க, காபி போடுறேன்" என்பாள். அந்த மூன்று மாதம் எங்கள் வீட்டில் துப்பாக்கி இல்லை. இதற்கு மேல் எனக்கு ஆய்வு தேவைப்படவில்லை.

சேஃபில் பூட்டி வைத்தால் என்ன என்பார்கள். பூட்டி, தோட்டாவைத் தனியே வைத்தால், ஜன்னல் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டு எழுந்து மூக்குக் கண்ணாடியைத் தேடி சேஃபைத் திறந்து எடுப்பதற்குள் நடப்பது நடந்துவிடும். தலையணை அருகில் தயாராக வைத்தால் பதினான்கு வயசு மகன் கைக்கு எட்டும், டெக்சாஸில் 17 வயதுக்குட்பட்டவர் கைக்கு எட்டும்படி அஜாக்கிரதையாக வைத்து, அது அவர் கைக்குக் கிடைத்துவிட்டால் வைத்தவர்மேல் குற்றம். விரல் ரேகைப் பெட்டிகள் கொஞ்சம் உதவும், மறுக்கவில்லை. மொட்டைக் காட்டில் தனி வீட்டில், ஷெரிஃப் போலீஸ் வர நாற்பது நிமிஷம் ஆகும் இடத்தில் இருப்பவர் வேறு கணக்குப் போடலாம், கொலைமிரட்டலோடு துரத்தும் முன்னாள் கணவனுக்குப் பயந்து வாழும் பெண்ணிடம் போய் நான் புள்ளிவிவரம் வாசிக்கமாட்டேன். எங்கள் தெருவில், எங்கள் வீட்டில், வேண்டாம். வெளிச்சம், நல்ல பூட்டு, குரைக்கிற நாய். நாய்க்கு மகன் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

சபைக்கு ஆயுதக் குழு

இங்கே அண்ணாச்சியின் பக்கம் வலுவானது. டெக்சாஸிலேயே 2017 நவம்பர் 5-ல் சதர்லண்ட் ஸ்பிரிங்ஸ் பாப்டிஸ்ட் சபையில் வயிற்றுப் பிள்ளையோடு சேர்த்து 26 பேர் இறந்தார்கள். கொன்றவன் விமானப்படையில் இருந்தபோது குடும்ப வன்முறைக்குத் தண்டனை பெற்றவன், அந்தத் தகவலை, துப்பாக்கி வாங்குவோரைச் சோதிக்கும் பதிவேட்டுக்கு விமானப்படை அனுப்பாததால் கடையில் துப்பாக்கி வாங்க முடிந்தது. அவனைத் தடுத்தது பக்கத்தில் குடியிருந்த ஸ்டீபன் வில்லிஃபோர்ட் என்ற பிளம்பர். செருப்புக்கூடப் போடாமல் ரைஃபிளோடு ஓடிவந்து சுட்டார். போலீஸ் வந்து சேருமுன் அவர்தான் இருந்தார்.

2019 டிசம்பர் 29, டெக்சாஸின் ஒயிட் செட்டில்மென்ட் என்ற ஊர், வெஸ்ட் ஃப்ரீவே சபை. எங்களுக்கு ஒரு மணி நேரத் தூரம். ஆராதனை நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது, ஒருவன் எழுந்து துப்பாக்கியை எடுத்து இரண்டு பேரைச் சுட்டான், சபைப் பாதுகாப்புக் குழுவின் ஜாக் வில்சன் ஒரே குண்டில் அவனை வீழ்த்தினார். மொத்தம் ஆறு வினாடி. நூற்றுக்கணக்கானவர்கள் உள்ளே இருந்தார்கள். இதைக் காட்டிவிட்டு அண்ணாச்சி கேட்டார், "இப்ப சொல்லு."

சொல்கிறேன். வில்சனுக்கு அப்போது 71 வயது, முன்னாள் ரிசர்வ் டெபுடி ஷெரிஃப், துப்பாக்கிப் பயிற்சியாளர். இறந்த இருவரில் ஒருவர் அதே பாதுகாப்புக் குழுக்காரர், துப்பாக்கியை உருவிக்கொண்டிருந்தபோதே சுடப்பட்டார். அந்த நேரலையில், அவன் விழுந்த பிறகு பெஞ்சுகளுக்கு நடுவிலிருந்து இன்னும் பலர் கையில் துப்பாக்கியோடு எழுவது தெரியும். அந்த நொடியில் போலீஸ் உள்ளே வந்திருந்தால் யாரை யார் என்று நினைத்திருப்பார்கள்? அதிலும் எங்களைப் போன்ற பழுப்பு நிறத்தவர் நாலு பேர் கையில் துப்பாக்கியோடு நின்றால்? டெக்சாஸில் உரிமத்துக்கான வகுப்பு நாலிலிருந்து ஆறு மணி நேரம், சுட்டுக் காட்ட வேண்டியது ஐம்பது குண்டு. உரிமமே வேண்டாம் என்றால் அதுவும் இல்லை. எங்கள் குழுவுக்குப் பெயர் கொடுத்த ஐந்து பேரில் வருஷத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் சுடுதளம் போகிறவர் அண்ணாச்சி ஒருவர்தான். வில்சனைக் காட்டிக் குழு அமைப்பது, தோனியைக் காட்டித் தெரு டீமுக்கு ஆள் எடுப்பது மாதிரி.

ஆயுதம் ஏந்திய விசுவாசிகள் எல்லாம் வெள்ளைக்காரத் துப்பாக்கிப் பித்தர்கள் என்று கமிட்டியில் ஒரு அக்கா சொன்னார்கள், அதையும் திருத்த வேண்டியிருந்தது. 1964-ல் லூசியானாவின் ஜோன்ஸ்பரோவில் கறுப்பின ஆண்கள் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலிடமிருந்து சிவில் உரிமைத் தொண்டர்களைக் காக்கத் துப்பாக்கியோடு இரவுக் காவல் நின்றார்கள், தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரிலேயே டீக்கன் என்ற சொல் உண்டு, நம் வேதத் தமிழில் உதவிக்காரர். மார்ட்டின் லூதர் கிங்கே, ஜிம் எலியட் இறந்த அதே 1956 ஜனவரியில் தன் வீட்டில் குண்டு வெடித்த பிறகு, துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். கொடுக்கவில்லை. கொஞ்ச காலம் வீட்டில் ஆயுதக் காவல் இருந்தது, பிறகு அவரே எல்லாவற்றையும் விலக்கினார். முதலிலேயே அகிம்சாவாதியாகப் பிறந்தவர் அல்ல, பயந்து, யோசித்து, அங்கே போய்ச் சேர்ந்தவர்.

கதவும் போலீஸும்

மிச்சம் இருப்பது கொஞ்சம் சப்பென்று இருக்கும் வழி. ஆராதனை தொடங்கியதும் பக்கக் கதவுகளைப் பூட்டுவது, சண்டே ஸ்கூல் அறைகளை உள்ளிருந்து தாழிடுவது, வாசலில் இரண்டு பேர் வெளியே பார்த்து நிற்பது, பணி நேரம் முடிந்த ஒரு போலீஸ்காரரைச் சீருடையோடு கூலிக்கு அமர்த்துவது. எங்கள் மாதக் காணிக்கையில் இது நல்லதொரு பங்கைச் சாப்பிடும், பொருளாளர் முகம் அப்போதே சுருங்கியது.

போலீஸ் நின்றால் எல்லாம் சுபம் என்றும் இல்லை. 2024 பிப்ரவரி 11, ஹூஸ்டன் லேக்வுட் சபை: ரைஃபிளோடு வந்த பெண்ணைப் பணி நேரத்துக்கு வெளியே காவலுக்கு நின்ற இரண்டு அதிகாரிகள் சுட்டு வீழ்த்தினார்கள், அவள் கூட்டிவந்த ஏழு வயது மகன் தலையில் குண்டு பாய்ந்தது. பிழைத்துக்கொண்டான். பயிற்சி பெற்றவர்கள் இருந்த இடத்திலேயே இப்படி.

ஆயுதமே இல்லாமல் எதிர்த்ததும் உண்டு. கலிபோர்னியா லகுனா வுட்ஸ், 2022 மே 15. எங்களைப் போலவே அடுத்தவர் கட்டடத்தில் கூடும் தைவான் சபை, எங்களைப் போலவே ஆராதனை முடிந்து சாப்பாட்டில் இருந்தார்கள். ஒருவன் சுடத் தொடங்கினான். டாக்டர் ஜான் செங் அவன்மேல் பாய்ந்தார், குண்டடிபட்டு இறந்தார். அந்த இடைவெளியில் பாஸ்டர் நாற்காலியால் அடித்தார், மற்றவர்கள் அவனை மின்சார வயரால் கட்டிப்போட்டார்கள். செங்கைத் தவிர ஐந்து பேருக்குக் காயம், அவ்வளவோடு நின்றது. தீமையோடு எதிர்த்து நிற்காதே என்ற வசனத்தை இவர் மீறினாரா? நல்ல மேய்ப்பன் ஆடுகளுக்காக ஜீவனைக் கொடுக்கிறான் என்ற வசனத்தை நிறைவேற்றினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பாதுகாப்புப் பயிற்சிக்காரர்கள் ஓநாய், ஆடு, காவல் நாய் என்று ஒரு உவமை சொல்வார்கள், நாம் நாயாக இருக்க வேண்டுமாம். மந்தையைக் காக்கும் நாய் வேதத்திலும் யோபு 30-ல் வந்து போகிறது, ஆனால் ஆண்டவர் தமக்கு எடுத்துக்கொண்ட உவமை மேய்ப்பன்தான்.

நான் சாய்ந்தது கதவும் போலீஸும் பக்கம். அகுஸ்தீனின் கோடு எனக்குப் பிடித்துக்கொண்டது: தனக்காக அல்ல மற்றவர்களுக்காக, தனி ஆளாக அல்ல பொறுப்புள்ள அதிகாரியாக. ரோமர் 12-ல் நீங்கள் பழிவாங்காதேயுங்கள் என்று சொல்லி, 13-ல் அதிகாரம் பட்டயத்தை விருதாவாய்ப் பிடித்திருக்கவில்லை என்று பவுல் சொல்வதும் அதே பிரிவினைதான். கேள்வி கேட்கப்படக்கூடிய ஒருவர், பேட்ஜ் எண் உள்ளவர், தப்பாகச் சுட்டால் பதில் சொல்ல மேலதிகாரி உள்ளவர் கையில் துப்பாக்கி இருக்கட்டும்.

எங்கள் இளைஞர் குழுவில் மென்னோனைட் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் இதைக் கேட்டுவிட்டு ஒரே வரி சொன்னாள்: "அப்போ கொல்றது தப்பில்ல, நம்ம கையால கொல்றதுதான் தப்பா மாமா?" எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. கசாப்புக் கடைக்காரரை ஏளனமாகப் பார்த்துக்கொண்டே கறி வாங்கிப் போகிறவன் மாதிரி இருக்கிறது என் நிலை, அது எனக்குத் தெரிகிறது. தெரிந்துதான் சொல்கிறேன்.

கமிட்டியில் ஐந்து பேர் இதற்கு ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு. சீருடைப் போலீஸ் ஒருவர், பூட்டுகள், வாசலில் சுழற்சி முறையில் ஆட்கள், மற்ற யாரும் கட்டிடத்துக்குள் துப்பாக்கி கொண்டுவரக்கூடாது என்று வாசலில் அறிவிப்புப் பலகை. அண்ணாச்சி எதிர்த்து வாக்களித்தார், கோபப்படவில்லை.

"சரி தம்பி. போலீஸ்காரரு லீவு போட்டா?"

"அந்த வாரம் நீங்களும் நானும் வாசல்ல நிப்போம் அண்ணாச்சி."

"சும்மாவா?"

"சும்மாதான்."

சிரித்தார். அடுத்த ஞாயிறு சாப்பாட்டு வரிசையில் வழக்கம்போலக் கையை விரித்துக்கொண்டு வந்தார். நானும் போனேன், ஆனால் அவருடைய இடது பக்கமாகப் போய்க் கட்டிக்கொண்டேன்.